அசைக்கச் சொன்ன தோள்

கணுக்கால் சுளுக்கி நாற்பத்தெட்டாவது நாள், தையல் டேப்பை எடுத்து என் இரண்டு தொடைகளையும் அளந்தேன். முட்டிக்கு மேல் ஒரு சாண் தள்ளிப் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டைச் சுற்றி அளக்க வேண்டும். அடிபட்ட இடது காலின் தொடை வலதைவிட அரை சென்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. எனக்கு வயது எழுபத்தொன்று. இந்த வயதில் ஒரு காலை ஆறேழு வாரம் சும்மா போட்டு வைத்தால் அது எப்படி வற்றிப்போகும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வழுக்கி விழுந்து, படுத்து, எழுந்தபின் கம்பு ஊன்றியே நடக்கிறவர்கள். நான் கம்பு ஊன்றவில்லை. அளவை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். பெருமைதான், அதை மறைப்பானேன்.

இந்தப் பெருமையை எழுத உட்கார்ந்தவனுக்கு இன்னொன்றையும் எழுதும் கடமை இருக்கிறது. எனக்குக் கிடைத்த இதே வைத்தியம் பதினான்கு வருடங்களுக்கு முன்பு என் மனைவிக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவிடாமல் செய்தவன் நான்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு ஏக்கர் திராட்சைத் தோட்டம். அவளுக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்தது. கல்தூண் நட்டு, என் தலைக்கு ஒரு சாண் மேலே கம்பி பின்னிய பந்தல். ஒரு வெள்ளாமை முடிந்ததும் கொடியைக் கவாத்து வெட்ட வேண்டும். பழைய கிளையில் எத்தனை கணு விட்டு எங்கே வெட்டுவது என்பதில்தான் அடுத்த காய்ப்பு இருக்கிறது. எங்கள் பக்கம் அது ஆண்கள் வேலை. பெண்கள் கொடி கட்டுவார்கள், காய் கழிப்பார்கள். என் மனைவி கவாத்து வெட்டுவாள். அவள் அப்பாவுடன் சின்ன வயதிலிருந்து பந்தலுக்கடியில் நின்றவள். சேலைக்கு மேல் என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, அண்ணாந்தபடி, வலது கையில் கத்தரியும் இடது கையில் கிளையுமாக ஒரு வரிசையை அவள் முடிக்கும்போது கூலிக்கு வந்த ஆண்கள் முக்கால் வரிசையில் நிற்பார்கள். கட்டைவிரலால் கிளையைத் தடவிப் பார்த்து, இது காய்க்கும், இது ஏமாற்றும் என்று சொல்லுவாள். நான் முதுநிலை வேதியியல் படித்தவன். எத்தனை தடவை தடவிப் பார்த்தும் அந்த வித்தியாசம் என் விரலுக்குப் பிடிபட்டதில்லை.

அன்றைக்கு நான் இதில் பெருமைப்படவில்லை. தலைமையாசிரியர் பதவி வரப்போகிற நேரம். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் சாலையில் போகும்போது அவள் வெட்டுவதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது, "சார் வீட்டம்மா சோக்கா கவாத்து வெட்டுறாகளே. நம்ம தோட்டத்துக்கும் ரெண்டு நாள் வருவாகளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் வெகுநாள் கிடந்து நாறியது.

அதற்கு அடுத்த மாதம் அவள் பந்தலடியில் முக்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். வலது தோளில் அடி. தேனிக்குக் கூட்டிப் போனேன். எலும்பு முறியவில்லை, தசையில் சின்னக் கிழிசல் என்றார் டாக்டர். அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் படித்தவன் என்று தெரிந்ததும் அவருக்கு அது வசதியாகப் போயிற்று. இரண்டு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தொட்டில் கட்டு. மூன்றாவது வாரத்திலிருந்து தோளை மெல்ல அசைக்க வேண்டும், விரல்களைச் சுவரில் நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்ற வேண்டும், பந்தைப் பிடித்து அழுத்த வேண்டும். ஐம்பது தாண்டிய பெண்கள் தோளை அசைக்காமல் வைத்தால் அது இறுகிவிடும், பிறகு கஷ்டம் என்றும் சொன்னார். இதில் ஒரு வார்த்தை எனக்குப் புரியாமல் இல்லை. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் சின்னமனூர் தாண்டியதும், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மூன்று மாதம் கையை அசைக்கவே கூடாது என்றாராம், இனிமேல் கையைத் தலைக்கு மேல் தூக்குகிற வேலையை நினைத்துப் பார்க்கக் கூடாதாம் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அவள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குத் துணையாக ஊர் வழக்கம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் ஒருவருக்கு அடிபட்டால் சொந்தக்காரர்கள் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு நோயாளி படுத்திருக்க வேண்டும். எழுந்து நடமாடிக்கொண்டிருந்தால், இவளுக்கு ஒன்றுமில்லை, இதற்கா பஸ் பிடித்து வந்தோம் என்று ஆகிவிடும். அதனால் வந்தவர்கள் எல்லோரும், அசையாமல் இரு ஆத்தா, அசையாமல் இரு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்றேன். இரண்டாவது மாதம் ஒருநாள், விரலையாவது மடக்கி நீட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மூன்று மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அவள் கை காது உயரத்தில் நின்றுவிட்டது. மேல்கையில் சதை இல்லை. ரவிக்கையின் வலது கையை மட்டும் பிடித்துத் தைத்துக்கொண்டாள். தலை பின்ன இடது கையைப் பழக்கிக்கொண்டாள். கவாத்துக்கு ஆட்களை விட்டோம். நான் தலைமையாசிரியராகி, மாணவர்களிடம் உண்மை பேசுவதைப் பற்றிப் பல காலை வணக்கக் கூட்டங்களில் பேசி, ஓய்வு பெற்றேன். அந்த டாக்டரை அவள் அவ்வப்போது திட்டுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் தோட்டத்து வாய்க்கால் வரப்பில் என் இடது கணுக்கால் புரண்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, சவ்வு கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தானாகச் சேர்ந்துவிடும் என்று சொல்லி, கம்பத்திலேயே இருக்கிற ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். குமுளிப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். எது கேட்டாலும், பிரச்சினை இல்லை என்பதை மலையாள வாடையில் "கொழப்பமில்ல சார்" என்று சொல்லித்தான் தொடங்குவார். அவர் பேசியது முழுக்கத் தமிழில். அதுவும் பாதி நேரம் என் மனைவியைப் பார்த்து. "நீங்களும் கேட்டுக்கங்கம்மா, சாரு வீட்டுக்குப் போனதும் மறந்துருவாரு" என்றார்.

அவர் சொன்னது எளிய விஷயம். நோவு கணுக்காலில் ஒரு விரற்கடை இடத்தில். தொடைக்கும் இடுப்புக்கும் கைகளுக்கும் இன்னொரு காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"அந்த ஒரு எடத்துக்குத்தான் சார் லீவு. மத்தவங்கெல்லாம் டூட்டிக்கு வரணும்."

வேலை கொடுக்காத சதையை உடம்பு வைத்துக்கொண்டிருக்காது, வயதானவர்களுக்கு அது சீக்கிரம் போகும், திரும்பி வரத்தான் நாளாகும் என்றார். படுத்தபடி முட்டியை மடக்காமல் காலைத் தூக்க வேண்டும், இரண்டு காலும், இருபது தடவை. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்கிப் பத்து எண்ண வேண்டும். தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பிக் கைக்கு. நாற்காலியிலிருந்து நல்ல காலை ஊன்றி எழுந்து உட்கார வேண்டும். வீக்கம் வடிந்ததும் கால் கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுத வேண்டும், கணுக்கால் இறுகாமல் இருக்க. சோற்றைக் குறைத்து முட்டை, பாசிப்பயறு, மொச்சை. வலி கூடினால் மட்டும் நிறுத்தலாம்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் தயங்கித் தயங்கித் தன் தோளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் கையைப் பிடித்து முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று கொண்டுபோய்ப் பார்த்தார். அன்றைக்கே அசைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்றார். இப்போதும் ஓரளவு வரும், நான்கைந்து மாதம் தினமும் செய்ய வேண்டும், முழுதாக வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

"பந்தக் கம்பிக்கு எட்டுமாத்தா?" என்று அவள் கேட்டாள். பதினான்கு வருடமாக அவள் அந்தக் கேள்வியை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பார்ப்போம்மா என்றார் அந்தப் பெண். 

வீட்டில் எனக்குப் பயிற்சி தொடங்கியது. எண்ணிக்கை அவள் பொறுப்பு. நான் பதினெட்டில் நிறுத்தி இருபது என்றால் அவளிடம் நடக்காது. கட்டைவிரலால் எழுத்து எழுதச் சொன்னார்கள் அல்லவா, நான் தனிமங்களின் குறியீடுகளை எழுதினேன். முதல் நாள் ஹைட்ரஜனில் தொடங்கி ஆக்சிஜனிலேயே வலி வந்துவிட்டது. பத்தாவது நாள் கால்சியம் வரை போனேன். பார்க்க வருகிறவர்களுக்காக ஓர் ஏற்பாடும் செய்துகொண்டோம். வெளிக் கேட்டின் கொண்டி சத்தம் கேட்டால் மணல் பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் போகும், நான் படுத்துப் போர்வையை இழுத்துக்கொள்வேன். வந்தவர்கள் ரொட்டியைக் கொடுத்து, அசையாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதும், எட்டில் விட்டோம், ஒன்பது என்பாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை போர்வைக்குள் போகும்போதும், அவள் நிஜமாகவே அப்படிக் கிடந்த மூன்று மாதம் எனக்கு நினைவு வந்தது.

மூன்றாவது வாரம் அவளுடைய அண்ணன் கொண்டி சத்தம் கேட்காமல் கொல்லைப்புறமாக வந்துவிட்டார். நான் நாற்காலியைப் பிடிக்காமல் ஒற்றைக்காலில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன மாப்ள, அடிபட்ட காலை வச்சுக்கிட்டு சர்க்கஸ் காட்டுறீக?" என்றார். கையில் ஆரஞ்சுப் பையோடு அப்படியே நின்றார். அவருக்கு நிஜமாகவே மனத்தாங்கல். மாப்பிள்ளை படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டு வேலையை விட்டு வந்திருக்கிறார். தங்கையிடம் திரும்பி, "ஒனக்குத் தோள்ல அடிபட்டப்ப நீ எப்பிடிக் கெடந்த? டாக்டரு சொன்னாருன்னு ஒரு துரும்பு தூக்கல. இவுகளுக்கு மட்டும் வேற சட்டமா?" என்றார்.

அவள் என் பக்கம் பேசினாள். "அது அந்த டாக்டரு தப்புண்ணே. ஒண்ணுந் தெரியாத ஆளு. இவுக என்ன செய்வாக, அவரு சொன்னதத்தான வந்து சொன்னாக. இப்ப உள்ள பிள்ளைக வெவரமாச் சொல்லுதுக" என்றாள்.

மச்சான் காப்பி குடித்துவிட்டு, எதற்கும் ஒரு மாவுக்கட்டுப் போட்டு ஒரு மாதம் படுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று மிச்சப் பயிற்சியைச் செய்யவில்லை. கால் வலிக்கிறது என்று சொன்னேன். அந்த டாக்டர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ. சரியாகச் சொன்ன மனிதர். என் வீட்டில் பதினான்கு வருடமாக என் பழியைச் சுமந்துகொண்டிருந்தார். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்காக வாதாடியதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை நான் காலைத் தூக்க, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு என்றாள். காலை இறக்கி வைத்தேன்.

"அந்த டாக்டர் அசைக்கத்தான் சொன்னாரு. ரெண்டு வாரத்துக்கப்புறம் தினமும் அசைக்கணும்னாரு. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. எந்த டாக்டர் என்றாள். சொன்னேன். பஸ்ஸில் சொன்னது, ஆசிரியர் அறையில் நடந்தது, தலைமையாசிரியர் பதவி, என் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் சாலையோரம் நிற்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். உன் நல்லதுக்கு என்று ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அப்படிச் சேர்த்தால் அது இரண்டாவது பொய்யாகியிருக்கும்.

கேட்டு முடித்துவிட்டு எழுந்து போனாள்.  மத்தியானம் மொச்சையும் முட்டையும் வேளை தவறாமல் வந்தது. மறுநாள் எண்ணுவதற்கு வரவில்லை. நானே எண்ணினேன். இருபது வரை நேர்மையாக எண்ணினேன் என்பதையும் எழுதிக்கொள்கிறேன். நான்கு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் தட்டை எடுக்க வந்தவள் நின்றாள்.

"ஒங்களுக்கு வெக்கமா இருந்தா அன்னைக்கே அதச் சொல்லியிருக்கலாம். எனக்கு வெக்கமில்ல, நான் வெட்டுறேன்னு சொல்லிருப்பேன். கதை அதோட முடிஞ்சிருக்கும்."

தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.  அன்று மாலை தனியாக ஆட்டோ பிடித்துப் பிசியோதெரபிஸ்டிடம் போய்வந்தாள். நான் கூட வரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு அடுப்படிச் சுவரில் பென்சில் கோடுகள் தோன்ற ஆரம்பித்தன. விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு, எட்டுகிற உயரத்தில் வாரம் ஒரு கோடு. கரண்டி பிடித்த கையில் மணல் பாட்டில் பிடித்தாள். என் பயிற்சிக்கு வந்த முட்டையில் பாதி அவள் தட்டுக்கும் போனது. ஒரு வாரம் கோடு ஏறவே ஏறாது. அந்த வாரம் அவளிடம் யாரும் பேச முடியாது. அடுத்த வாரம் ஒரு விரற்கடை ஏறும். என் கால் ஏழாவது வாரத்தில் சரியாகிவிட்டது. கேஸ் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தும் பயிற்சியை மட்டும் தொடர்ந்தேன், அடுப்படியில் அவள் பக்கத்தில் நிற்க அது ஒரு சாக்கு. ஐந்து மாதம் முடியும்போது கடைசிக் கோடு என் தலைக்கு அரைச் சாண் மேலே இருந்தது. எழுபது வயதை நெருங்கும்போது, விட்டுப்போன ஒன்றை வெறும் பிடிவாதத்தால் தசை தசையாகத் திருப்பிக் கொண்டுவந்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது. நான் படிக்க வைத்தவர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள், என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். இந்த அளவுக்கு நான் யாரைப் பற்றியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதில்லை.

கவாத்து நாள் வந்தது. ஆட்கள் வருவதற்கு முன்பே அவள் தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போனபோது பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். வலது கை கம்பியைத் தொட்டது. தொட்டது என்றால், குதிகாலை உயர்த்திய பிறகு. கத்தரியைப் பிடித்து அழுத்தும்போது தோள் நடுங்கியது. முதல் கிளைக்கு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. பத்துக் கிளை வெட்டிவிட்டுக் கையை இறக்கி உதறினாள். கொஞ்சம் உட்கார்ந்து, இன்னும் பத்து. அந்த ஒரு ஏக்கரில் அவள் வெட்டியது ஒன்றரை வரிசைதான். மற்றதை ஆட்கள் வெட்டினார்கள். முழு ஏக்கரையும் வெட்டியிருக்க வேண்டிய பதினான்கு வருடம் இருந்தது, அது போய்விட்டது. நான் எத்தனை எழுதினாலும் அது திரும்பாது. அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவளை ஒரு பதில் சொல்லும் கட்டாயத்துக்கு ஆளாக்க எனக்கு உரிமை இல்லை.

வெட்டிய கிளைகள் தரையில் விழுந்து கிடக்கும். அவற்றைக் குனிந்து பொறுக்கிக் கட்டாகக் கட்டி வரப்பில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அது கூலிப் பெண்கள் செய்கிற வேலை, முட்டியும் தொடையும் ஒத்துழைக்காவிட்டால் கால் மணி நேரம்கூடச் செய்ய முடியாது. அவள் வரிசையில் அதை நான் செய்தேன். குனிந்தேன், எழுந்தேன், குனிந்தேன். கணுக்கால் முனகவில்லை. சாலையில் போன என் பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து, என்ன சார் நீங்க போய் இங்கன கிளை பொறுக்குறீங்க என்று கேட்டான்.

"உள்ள வெட்டுறது எங்க வீட்டம்மா. அவுகளுக்குத்தான் பொறுக்குறேன்" என்றேன், பந்தலுக்குள் நிற்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி.